ஓ.டி.: வினைச்சொல் இல்லாத இரண்டெழுத்து

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் உள்ளே போனவர் மதியத்துக்குள் கண்ணில் கட்டோடு வெளியே வந்துவிட்டார். மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தேதியை யாரும் கேட்காமலேயே படித்துக் காட்டினார். மடிப்பாக்கத்துக்கு ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். அந்த மகிழ்ச்சி நான்கு நாள்தான் நீடித்தது. ஐந்தாம் நாள் காலையில் கண் சிவந்து, சன்னல் வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியாமல் கூசி, "மணல் விழுந்த மாதிரி உறுத்துதும்மா" என்றார்.

உடனே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கருவியில் முகவாயை வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்த அவர், சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை விடுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒரு தடவை என்று சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் நீட்டிய தாளில் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலிருந்த இரண்டு ஆங்கில எழுத்துகளின் மேல் பேனா முனையை வைத்து, "இது ஒரு வேளைன்னு அர்த்தம் இல்லைம்மா, வலது கண்ணு" என்றார்.

நடந்தது இதுதான். கண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் வலதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் சேர்த்த 'ஆக்குலஸ் டெக்ஸ்டர்' என்பதன் முதலெழுத்துகள் கண் மருத்துவத்தில் ஓ.டி. என்று வழங்குகின்றன. அதே தாளில், இரண்டு வரி கீழே, அப்பா பல ஆண்டுகளாக விழுங்கி வரும் இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்திலும் ஓ.டி. என்றே எழுதியிருந்தது, அங்கே அதற்கு நாளுக்கு ஒரு முறை என்று பொருள். முதல் வாரம் ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து முறை என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் சொட்டு மருந்து அட்டவணை இரண்டாம் தாளில் இருந்தது. அந்தத் தாளோ காப்பீட்டுக் காகிதங்களோடு சேர்ந்து வேறோர் உறைக்குள் போய்விட்டது. மருந்துக் கடைப் பையன் ஓ.டி. என்பதை நாள் முழுவதும் பார்க்கிறவன். அவனுக்கு அதற்கு ஒரே பொருள்தான். இரண்டு பெட்டிகளின் மேலும் நீல மையால் 1-0-0 என்று எழுதிக் கொடுத்தான். அறுவைக்குப் பிந்தைய அழற்சியை அடக்க ஆறு முறை விட வேண்டிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நான் நான்கு நாளும் காலையில் ஒரே ஒரு முறை விட்டேன்.

கண் தெளிய இரண்டு வாரம் ஆயிற்று. பார்வைக்குச் சேதம் இல்லை. யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை; மருத்துவர் தம் துறையின் மொழியில் எழுதினார், கடைக்காரப் பையன் தன் தொழிலின் மொழியில் படித்தான். ஆனால் நான் 22 ஆண்டுகளாகத் தமிழ்ப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள். ஒற்று மிகுமா மிகாதா என்று அரை மணி நேரம் யோசிக்கிற நான், அப்பாவின் கண்ணைப் பற்றிய இரண்டெழுத்தை ஒரு முறை நின்று கேட்காமல் கடந்துவிட்டேன். அந்த வருத்தம் ஆறாததால்தான், அன்றிலிருந்து கண்ணில் படும் சுருக்கெழுத்துகளையெல்லாம் குறித்துவைக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஓ.டி.ன்னா வெளி விட்டம்தானே? அதை எதுக்குக் கண்ணுக்கு எழுதறாங்க?" என்பது. 1958-இல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டையில் 34 ஆண்டுகள் லேத் ஓட்டியவர் அவர். உருளையான எதைக் கையில் எடுத்தாலும் அவருக்கு அதில் ஓ.டி. உண்டு, ஐ.டி. உண்டு; வெளி விட்டம், உள் விட்டம். 6205 பேரிங் என்று சொன்னால் போதும், வெர்னியரைத் தொடாமலேயே ஐ.டி. 25, ஓ.டி. 52, அகலம் 15 என்று மில்லிமீட்டரில் ஒப்பிப்பார். ஷாஃப்டைக் கடைந்துகொண்டே வந்து, எந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, பிறகு வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே அதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவைப் படிக்கும் அவருடைய நிதானத்தைச் சிறுவயதில் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே ஓ.டி. ஒரு நூலளவு தவறினால் பேரிங் ஏறாது, அல்லது ஏறி ஆடும். அந்த இரண்டெழுத்தை வாழ்நாள் முழுவதும் இவ்வளவு மரியாதையாகக் கையாண்ட மனிதரின் கண்ணிலேயே அது தவறிப் போனதை என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே பட்டறையில் அவருக்கு இன்னோர் ஓ.டி.யும் இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு இரவு பத்து மணிவரை நின்று அவர் 'ஓ.டி. பார்ப்பார்'. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டியிருந்தது. எங்கள் மூவரின் புத்தகமும் சீருடையும் அந்த இரட்டிப்பிலிருந்து வந்தவை. தம்பி கல்லூரியில் படித்தபோது வேறு கல்லூரி விழாவுக்குப் போக 'ஓ.டி. வாங்கினான்', வகுப்பில் இல்லாமலே வருகைப் பதிவு கிடைக்கும் அனுமதி அது. நான் முதலில் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி, டிசம்பர் மாதத்தில் நாள்காட்டி ஆர்டர்கள் குவியும்போது காகிதம் வாங்க வங்கியில் 'ஓ.டி. எடுப்பார்', கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் மிகைப்பற்று அது. அறுவை சிகிச்சை நாளன்று செவிலியர் என்னிடம், "ஓ.டி.க்குள்ள கூட்டிட்டுப் போறோம், நீங்க இங்கேயே இருங்க" என்றார், அது அறுவை அரங்கம்.

இங்கே தமிழ் எழுத்தின் பங்கு ஒன்று இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு அது அன்றாடத் தலைவலி. ஆங்கிலத்தில் மேலதிக நேரமும் அறுவை அரங்கமும் ஓர் எழுத்து இணை (OT). வெளி விட்டம், வலது கண், மிகைப்பற்று, நாளுக்கு ஒரு முறை ஆகியவை வேறோர் எழுத்து இணை (OD). தமிழில் எழுதும்போது எல்லாம் 'ஓ.டி.' ஆகிவிடுகின்றன, ஏனென்றால் நமக்கு இருப்பது ஒரே டகரம். சொல்லுக்குள் டகரம் வன்மையாக ஒலிப்பதா மென்மையாக ஒலிப்பதா என்பதை அது நிற்கும் இடம் முடிவு செய்துவிடும். 'பட்டு' என்றும் 'படு' என்றும் எழுதினால் தமிழ் வாய் தானாக வேறுபடுத்திக்கொள்ளும். புள்ளி வைத்துத் தனித்தனியாக நிறுத்திய கடன் எழுத்துகளில் அந்த விதி வேலை செய்வதில்லை. பகரமும் சேர்ந்துகொண்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. பி.டி. உஷா என்பதில் அது ஒருவருடைய பெயரின் முன்னெழுத்து, பி.டி. பருத்தி என்பதில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம், பி.டி. வகுப்பு என்பதில் உடற்பயிற்சி, பி.டி. ஆசிரியர் என்பதில் பட்டதாரி ஆசிரியர்; மருந்துச் சீட்டின் பி.டி.யோ நாளுக்கு இரு முறை. மெய்ப்பில் பி.டி. என்று வந்தால் முன்னும் பின்னும் நான்கு வரி படிக்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை.

ஆனாலும் பேச்சில் இவ்வளவு குழப்பம் வருவதில்லையே, அது ஏன் என்று யோசித்தபோது, மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்து பிறகு மறந்துபோன தொல்காப்பிய நூற்பாக்கள் நினைவுக்கு வந்தன. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஒரே சொல் பல பொருள் தருவதைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறார்: வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல். முதல் வகையில், சொல்லோடு சேரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவாகிவிடும். 'மா' என்னும் சொல்லை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். மா பூத்தது என்றால் மரம். மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமே இதுவும் மரம்தான் என்று காட்டிவிடும். கவசம் பூண்டு நின்றவன் மாவைக் கொண்டு வா என்றால் அவன் நிற்கும் கோலமே குதிரை என்று சொல்லிவிடும். இரண்டாம் வகையில் இந்த உதவி கிடையாது. மா வீழ்ந்தது என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். அங்கே 'கிளந்தாங்கு இயலும்' என்கிறார் தொல்காப்பியர். வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், மாமரம் வீழ்ந்தது என்று.

அப்பாவின் ஓ.டி.களை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஓ.டி. பார்த்தார், ஓ.டி. வாங்கினான், ஓ.டி. எடுத்தார், ஓ.டி.க்குள் கூட்டிப் போனார்கள்: ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லே பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஓ.டி., ஐ.டி., நீளம் மூன்றையும் அள என்றால் கூட வரும் இனம் காட்டிக்கொடுக்கிறது. மருந்துச் சீட்டில் வினை இல்லை. மருந்தின் பெயர் இருக்கிறது, பக்கத்தில் இரண்டெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மருந்து என்னும் சார்பு இரண்டு பொருளுக்கும் பொதுவாக நிற்கிறது. கண் மருத்துவமனைச் சீட்டு ஒன்றில்தான், எல்லா ஓ.டி.களிலும் மிக நெருங்கிய உறவுக்காரர்களான வலது கண்ணும் நாளுக்கு ஒரு முறையும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டிலேயே இன்னொரு சுருக்கம் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. வருமானம் வரி வரம்பை எட்டாத மூத்த குடிமக்கள் கொடுத்துவந்த 15 எச் படிவத்தை ஓராண்டு அவர் கொடுக்க மறந்ததால், வட்டியில் நூற்றுக்குப் பத்து ரூபாயை வங்கி வரியாகக் கழித்துவிட்டது. "டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்க" என்று பாஸ்புக்கை நீட்டினார். கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறும்வரை அந்தச் சொல் எங்கள் வீட்டில் தினமும் ஒலித்தது. அந்த நாள்களில் ஒரு சனிக்கிழமை, குடிநீர் சுத்திகரிப்பானைப் பார்க்க வந்த ஊழியர், பேனா போன்ற கருவியின் முனையை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருந்த டம்ளரில் நனைத்தார். 1,140 என்று காட்டியது. சுத்திகரித்த தண்ணீரில் நனைத்தார். 210 என்று காட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலை, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே 210 ஆபத்தான எண் அல்ல. ஆனால் சில மாதங்களுக்கு முன்பு 60 காட்டிய கருவி இப்போது 210 காட்டுவது, உள்ளிருக்கும் சவ்வு தேய்ந்துவிட்டதற்கு அடையாளம். "டி.டி.எஸ். ஏறிடுச்சு சார், மெம்பிரேன் மாத்தணும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னது சமையலறையிலிருந்த அம்மாவின் காதில் விழுந்தது. "மறுபடியுமா? இன்னும் எவ்வளவு பிடிப்பாங்களாம்?" என்று கவலையோடு கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

அம்மாவின் கேள்வியில் தவறே இல்லை. டி.டி.எஸ். பிடித்தார்கள் என்றால் வரி, டி.டி.எஸ். பார்த்தார்கள் என்றால் தண்ணீர். ஏறுதல் இரண்டுக்கும் பொது. உரைகாரர்கள் காட்டிய 'மா வீழ்ந்தது' மடிப்பாக்கத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையில் நடந்தது. மூன்றாவது டி.டி.எஸ். அம்மாவின் முதுகுவலிச் சீட்டில் இருந்தது. 'டெர் டியே சுமெண்டும்' என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. நாளுக்கு மூன்று முறை உட்கொள்ள வேண்டும் என்று பொருள். அதே சீட்டில் வலி மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோனார். ஆபத்தில் சிக்கிய கப்பல் அனுப்பும் அழைப்பல்லவா அது! 1906-இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட அந்த அழைப்பு உண்மையில் எதன் சுருக்கமும் அல்ல. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் தெளிவாகக் கேட்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மருந்துச் சீட்டின் எஸ்.ஓ.எஸ். 'சி ஓபுஸ் சிட்' என்னும் இலத்தீன். தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். வலி இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்று சொல்லும் மூன்றெழுத்தை, உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் படிக்கும்படி ஆகிவிடுகிறது.

ஊருக்குள் இறங்கினால் இதற்கு முடிவே இல்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்பு சென்னைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் பல்லாவரம், தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் பெருந்தென் நெடுஞ்சாலை மட்டும்தான். அதன் பிறகு அந்தச் சாலையோரக் கடையின் ரசீதிலேயே முகவரியில் ஒரு ஜி.எஸ்.டி.யும் கூட்டுத்தொகைக்கு மேல் ஒரு ஜி.எஸ்.டி.யும் அச்சாகின்றன. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஓ.எம்.ஆர். என்றால் கறுப்பு மை பேனாவால் வட்டங்களை நிரப்பும் விடைத்தாள். ஆட்டோ ஓட்டுநருக்கு அது பழைய மாமல்லபுரம் சாலை. ஐ.டி. ரெய்டு என்றால் வருமான வரி, ஐ.டி. கம்பெனி என்றால் தகவல் தொழில்நுட்பம், ஐ.டி. கார்டு என்றால் அடையாள அட்டை. மூன்றிலும் பின்னால் வரும் சொல் காப்பாற்றிவிடுகிறது. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தலைப்பில் 'ஐ.டி. ஊழியர் கைது' என்று போடும்போது அந்தக் காப்பும் போய்விடுகிறது. அத்தகைய தலைப்பு என் மேசைக்கு வந்தால், எழுத்தின் அளவைக் குறைத்தாவது முழுப் பெயரைப் போடச் சொல்வேன்.

ஒரு சுருக்கத்தைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பதிப்பகத்தில் புத்தகம் கட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் தம் கிராமத்துத் தேநீர்க் கடையில் தங்களுக்கு மட்டும் தனிக் குவளை வைத்திருந்ததை எதிர்த்துப் புகார் கொடுத்து, அதைப் பதிவு செய்யவைக்க மாதக்கணக்கில் காவல் நிலையத்துக்கு நடந்தவர். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதைத் தமிழ்நாட்டில் பலரும் பி.சி.ஆர். என்றே சொல்வார்கள். அவருக்கு அந்த மூன்றெழுத்து, தாம் போராடிப் பெற்ற ஓர் உரிமையின் பெயர். 2020-இல் தொற்று பரவியபோது, சளி மாதிரி எடுக்க வந்த பணியாளர், "ஐயா, உங்களுக்கு பி.சி.ஆர். எடுக்கணும்" என்று சொன்னதும், எந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று அவர் கேட்டாராம். இதை அவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த பழைய எச்சரிக்கையை நான் கேட்டேன். கேரி மல்லிஸ் என்னும் அமெரிக்க வேதியியலாளர் 1983-இல் கருக்கொண்டு, 1993-இல் நோபல் பரிசு பெற்ற, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பாலிமரேஸ் தொடர்வினையின் சுருக்கமும் பி.சி.ஆர்.தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பி.சி.ஆர். போடுவது வழக்கு, எடுப்பது சோதனை என்று வினை வேறுபடுகிறது என்பது உண்மை; ஆனால் அச்சம் உள்ள காதில் வினைச்சொல் விழுவதற்கு முன்பே மூன்றெழுத்து விழுந்துவிடுகிறது.

அந்தச் சோதனையின் முழுப் பெயரான ஆர்.டி.-பி.சி.ஆர். என்பதில் முன்னால் வரும் ஆர்.டி. அதே ஆய்வகத்துக்குள்ளேயே இரட்டைப் பொருளில் வழங்கியது என்பது, அறிவியல் நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்புக்கும் அதுவே சுருக்கம். வினை நடக்கும்போதே அளந்துகொண்டு போகும் நிகழ்நேர முறைக்கும் அதுவே சுருக்கம். 2009-இல் வெளியான ஒரு நெறிமுறையில், ஆர்.டி.யைத் தலைகீழ்ப் படியெடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிகழ்நேர அளவீட்டைக் கியூ-பி.சி.ஆர். என்று எழுதும்படி துறை வல்லுநர்களே பரிந்துரைத்தார்கள். (நம் வீடுகளில் ஆர்.டி. என்றால் அஞ்சலகத்தில் 60 மாதம் கட்டும் தொடர் வைப்பு.)

மருத்துவ உலகம் இந்த ஆபத்தை அறியாமல் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு, எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலை 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்சுலினுக்கு யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில் 'யு' என்று மட்டும் எழுதினால், அது சுழியமாகத் தெரிந்து பத்து யூனிட் நூறாகிவிடக்கூடும் என்பதால் அது அந்தப் பட்டியலில் இருக்கிறது. எம்.எஸ். என்பதும் இருக்கிறது, அது மார்ஃபின் சல்ஃபேட்டா மக்னீசியம் சல்ஃபேட்டா என்று தெரியாமல் போகலாம். (இதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "எம்.எஸ்.ன்னா மைல்ட் ஸ்டீல்" என்றார்.) மருந்துப் பிழைகளைத் தொகுக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்டுவரும் பிழைக்கு இடந்தரும் சுருக்கங்களின் பட்டியலில், நாளுக்கு ஒரு முறை என்னும் ஓ.டி. வலது கண்ணாகப் படிக்கப்பட்டு, வாயில் ஊற்ற வேண்டிய திரவ மருந்து கண்ணில் விடப்படக்கூடும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு நேர்ந்ததன் மறுபக்கம் அது. அதைப் படித்த இரவு எனக்குச் சற்று நேரம் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டில் மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இல் மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி திருத்தப்பட்டது. நல்ல விதி. ஆனால் எவ்வளவு பெரிய எழுத்தில், எவ்வளவு தெளிவாக எழுதினாலும் ஓ.டி. ஓ.டி.யாகத்தான் இருக்கும். அப்பாவின் சீட்டு கணினியில் அச்சானது; அதில் எழுத்துக் குழப்பம் துளியும் இல்லை. சீட்டின் கடைசியில் நோயாளியின் மொழியில் இரண்டு வரி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாளுக்கு ஒரு முறை என்பதில் பத்து எழுத்துகூட இல்லை. தமிழில் விரித்து எழுதிவிட்டால் மூலத்தில் பிடித்த வரியும், கரைந்துள்ள திடப்பொருளும், நாளுக்கு மூன்று வேளையும் ஒன்றோடொன்று மோத வழியே இல்லை.

இந்தத் தை மாதம் அப்பாவின் இடது கண்ணுக்கும் அறுவை முடிந்தது. இம்முறை தாளில் ஓ.எஸ். என்று இருந்தது, 'ஆக்குலஸ் சினிஸ்டர்', இடது கண். உயர் நீதிமன்ற வளாகத்தில் எழுத்தராக இருக்கும் என் நாத்தனாரின் கணவர் அதைப் பார்த்துவிட்டு, நகர உரிமையியல் நீதிமன்றத்தில் அது அசல் வழக்கு என்றும், அதே வளாகத்தில் உயர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் அந்நீதிமன்றத்தின் அசல் தரப்பு என்றும் சொன்னார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்பே, மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்குள், செவிலியரிடம் தாளைக் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் எழுதித் தரும்படி கேட்டேன். வரிசையில் ஆள் நின்றபோதும் அவர் முகம் சுளிக்காமல், 'இடது கண், ஒரு நாளைக்கு 6 முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொட்டு மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். பட்டறையில் இரும்பின் மேல் குறியிட வைத்திருந்த தடித்த பேனாவைத் தம் பழைய பெட்டியிலிருந்து எடுத்து, பெட்டியின் மேல்மூடியில் 'இடது' என்று எழுதினார். பிறகு ஒரு தாளை ஏழு நாளுக்கு ஏழு வரியாக மடித்து, வேலை முடிந்த உருப்படிகளை எண்ணும்போது போடுவதுபோல, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு போடச் சொன்னார். முதல் நாள் வரியில் ஆறு கோடுகள் இருந்தன. ஆறாவதை அவரே வாங்கிப் போட்டார்.